முகாமில் கடைசியாக மிஞ்சியவர்கள்: யாழ்ப்பாண முஸ்லிம்களின் வறுமை பற்றிய ஒரு சமூகவியல் பார்வை

வறுமையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது புள்ளிவிபரம்தான். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி இந்நாட்டு மக்களில் 14.3 சதவீதத்தினர் வறியவர்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் வறியவர் தொகை ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டித்துவிட்டதாக உலக வங்கி மதிப்பிட்டது. இந்த எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு எத்தனை பேரிடம் போதிய காசு இல்லை என்பதை அவை சொல்கின்றன. எப்படி இல்லாமற் போனது, முதலில் யாரிடம் இல்லாமற் போனது, விழுந்தவர்களில் யார் எழும்பினார்கள், யார் எழும்பவேயில்லை என்பவற்றை அறிய எண்ணை விட்டு ஆக்களிடம் போகவேண்டும்.

அப்படிப் போய்ப் பார்க்க எங்கள் கண்முன்னாலேயே ஒரு சமூகம் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள், முதலாளி கூலியாள் என்ற பேதமின்றி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஏறத்தாழ வெறுங்கையர்களாக்கப்பட்டார்கள். உலகத்தில் எந்தச் சமூகவியலாளனும் ஆசைப்படக்கூடாத ஒரு பரிசோதனை அது. எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு 'இனி ஓடுங்கள்' என்று விட்டது போல. முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்று அந்தச் சமூகத்தில் கொழும்பில் மாடிவீடு கட்டியவரும் இருக்கிறார். புத்தளம் தில்லையடியில் இன்னும் ஓலைவேலிக்குள் இருப்பவரும் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போய்ப் பொம்மைவெளியில் மாரிக்கு வெள்ளம் ஏறும் காணியில் தகரக்கொட்டில் போட்டிருப்பவரும் இருக்கிறார். ஒரே கோட்டில் நின்றவர்கள் ஏன் இவ்வளவு தூரம் பிரிந்தார்கள்? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்கிறது.

நான் யாழ்ப்பாணத்தவன் அல்ல, புத்தளத்தான். வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குச் சமூகவியல் படிப்பிக்கிறவன். அகதிகள் வந்திறங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. இப்போது என்னிடம் படிக்க வருகிறவர்களில் கணிசமானோர் அந்த முகாம்களில் பிறந்தவர்கள். அவர்களுடைய வாப்பாமாரோடும் உம்மாமாரோடும் கதைத்ததிலிருந்தும், யுத்தம் முடிந்தபின் சோனகதெருவுக்கு அடிக்கடி போய்வந்ததிலிருந்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இதற்கு ஆய்வு என்ற பெரிய பெயர் வைக்கமாட்டேன். முறையாக ஆய்வு செய்தவர்கள் வேறு இருக்கிறார்கள். மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்த மர்ஹூம் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் தம் காலத்தின் பெரும்பகுதியை இதற்கே செலவழித்தார். 2001இல் வெளிவந்த தமது நூலின் தலைப்பிலேயே இம்மக்களை 'மறக்கப்பட்ட மக்கள்' என்றார். 2011இல் பிரசைகள் ஆணைக்குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையும் இருக்கிறது. அவற்றை வாசிக்காதவர்கள் வாசிக்கவேண்டும்.

முதலில் 1990க்கு முந்திய யாழ்ப்பாணம். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்து முஸ்லிம்கள் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. சாவகச்சேரி போன்ற இடங்களிலும் சிலர் இருந்தாலும், அநேகர் நகரத்துக்குள்ளே வண்ணார்பண்ணையை ஒட்டி, ஐந்து சந்தியைச் சுற்றி நெருக்கமாக வாழ்ந்தார்கள். யாழ்ப்பாணச் சமூகத்தின் அச்சாணி காணி. வயலும் தோட்டமும் பெரும்பாலும் வெள்ளாளர் கையில் இருந்தன. அந்தச் சாதி அடுக்குக்கு வெளியே நின்ற முஸ்லிம்களுக்கு நிலம் சார்ந்த இடம் பெரிதாக இருக்கவில்லை. ஆகவே இரும்புக்கடை, தையல், லொறி, இறைச்சி, புடைவை என்று நகரத்துத் தொழில்களில் நின்றார்கள். உத்தியோகத்திலும் ஒரு சிறு பகுதியினர் முன்னேறினார்கள். இலங்கை சிவில் சேவையில் 1935இல் சேர்ந்த முதல் முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ் இந்த மண்ணில் பிறந்து, வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அஸீஸின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாங்கள், அதே ஒழுங்கையில் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைத்தவனை மறந்துவிடுகிறோம். லொறியில் மூட்டை ஏற்றினவன், கடையில் எடுபிடியாக நின்றவன், சைக்கிளில் துணி கட்டி ஊரூராகப் போனவன் என்று அந்தச் சமூகத்துக்குள்ளும் ஒரு அடித்தளம் இருந்தது. தில்லையடியில் ஒரு தையல்காரக் காக்கா, எழுபது வயதிருக்கும், இப்படிச் சொன்னார்:

"எங்களிட்டக் காசு இல்லைதான் மாஸ்டர். ஆனா நாங்க ஏழையெண்டு ஒருநாளும் நினைச்சதில்ல. பெருநாளைக்குப் புது உடுப்பு இல்லாத பிள்ளை எங்கட ஒழுங்கையில இருந்ததில்ல. முதலாளி வீட்டில கந்தூரி எண்டா எல்லாரும் ஒரே சகன்லதான் இருந்து சாப்பிடுவம்."

சகனில் ஒன்றாக இருந்து சாப்பிட்டவர்கள் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்தார்களா என்று கேட்டேன். காக்கா சிரித்தார். "அது வேற, இது வேற" என்றார்.

மாக்ஸ் வெபர் வர்க்கத்தையும் அந்தஸ்தையும் ஏன் வேறு வேறாக வைத்துப் பார்த்தார் என்று மாணவருக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. தொழுகை வரிசையிலும் சகனிலும் சமத்துவம் உண்மையாகவே இருந்தது. சம்பந்தத்திலும் சீதனத்திலும் அது இருக்கவில்லை. முதலாளியின் தர்மம் பசியைத் தடுத்தது. ஆனால் தையல்காரரின் மகனை இன்னொரு தையல்காரன் ஆக்குவதையும் அது தடுக்கவில்லை. பழைய யாழ்ப்பாணத்தை நினைத்துக் கண்கலங்குபவர்கள் இதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

அந்த ஒக்டோபர் நாளைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை, நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வடமாகாணம் முழுவதிலுமிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தவர்கள் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிடப்பட்டார்கள். ஐந்து சந்தியில் பரிசோதிக்கப்பட்டார்கள். உடுத்த உடுப்பும் ஒரு சில நூறு ரூபாயும் தவிர நகை, பணம், காணி உறுதி எல்லாம் பறிபோயின. எங்கள் கேள்விக்கு வேண்டியது இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்.

அமார்த்தியா சென் 1981இல் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' என்ற நூலில் 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்தார். ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் செத்த அந்த வருடத்தில் வங்காளத்தில் அரிசி முற்றாக இல்லாமற் போகவில்லை. செத்தவர்களிடம் அரிசியைப் பெறும் உரித்து இல்லாமற் போனது என்பதே அவர் முடிவு. காணி, கூலி, கைத்தொழில், வியாபாரம், அரச உதவி ஆகிய ஏதோ ஒன்றின் வழியாகத்தான் மனிதன் உணவைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். அந்த வழி அடைபட்டால் களஞ்சியம் நிறைய நெல் இருந்தாலும் அவன் பட்டினிதான். சென் அங்கே நாவிதர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். பஞ்சகாலத்தில் ஆக்கள் முடிவெட்டுவதைத் தள்ளிப்போட்டார்கள்; நாவிதனின் கையில் தொழில் இருந்தது, ஆனால் அந்தத் தொழிலைக் கொடுத்து அரிசி வாங்க முடியவில்லை.

எங்கள் தையல்காரக் காக்காவின் கதை இதுவேதான். அவருடைய கைத்தொழிலை எந்தச் சோதனைச் சாவடியிலும் பறிக்க முடியவில்லை. மிஷின் போய்விட்டது, அதைவிட முக்கியமாக, வாடிக்கை போய்விட்டது. புத்தளத்தில் ஏற்கெனவே தையல்காரர்கள் இருந்தார்கள். முகாமில் இருந்தவர்களுக்குத் தைக்கத் துணி இல்லை. முப்பது வருடம் தைத்த கை கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கியது.

இதே காலத்தில் வேறு சிலர் எழும்பினார்கள். எப்படி? கதைத்துப் பார்த்ததில் பறிக்க முடியாமற் போன சில விஷயங்கள் வெளியே வந்தன.

முதலாவது அரச சம்பளம். ஆசிரியராக, எழுதுவினைஞராக இருந்தவர்களின் சம்பளம் அவர்கள் வீட்டோடு கட்டப்பட்டிருக்கவில்லை. இடமாற்றம் வந்தது, மாத முடிவில் சம்பளம் வந்தது. முகாமின் நடுவில் மாதச்சம்பளக்காரர் ஒருவர் இருந்தால் கடைக்காரன் கடன் கொடுப்பான். அவருடைய பிள்ளை ரியூஷனுக்குப் போகும்.

இரண்டாவது நாணயம். யாழ்ப்பாணத்து இரும்புக்கடை முதலாளி ஒருவருடைய கடை போனது, களஞ்சியம் போனது. ஆனால் அவர் இருபது வருடமாகச் சரக்கு எடுத்த கொழும்பு மொத்த வியாபாரிக்கு அவரைத் தெரியும். அந்த வியாபாரி கணக்கை மூடிவிட்டுப் புதுக்கணக்கில் கடனுக்குச் சரக்கு கொடுத்தார். நீர்கொழும்பில் கடை திறந்தது. மகன்கள் இப்போது மூன்று கடை வைத்திருக்கிறார்கள். "அல்லாஹ் தந்தான்" என்றார் அவர். மறுப்பதற்கில்லை. ஆனால் தந்தது எந்த வழியால் வந்தது என்று பார்ப்பதும் தவறில்லை.

மூன்றாவது சொந்தபந்தம். கொழும்பில், பாணந்துறையில் சம்பந்தம் செய்திருந்த குடும்பங்கள் முகாமுக்கு வரவே இல்லை, அல்லது ஒரு சில வாரத்தில் போய்விட்டன. சகனில் ஒன்றாகச் சாப்பிட்ட தையல்காரருக்கு அப்படிச் சம்பந்தம் இருக்கவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

பிரான்ஸ் நாட்டுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு இவற்றையெல்லாம் மூலதனம் என்றே சொன்னார். பணம் ஒரு மூலதனம். படிப்பும் சான்றிதழும் இன்னொன்று. யாரைத் தெரியும், யார் நம்புவார்கள் என்பது மற்றொன்று. ஒன்றை இன்னொன்றாக மாற்றலாம். நமக்கு இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை. 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், செல்வம் சேர்வதற்கு 'ஜாஹ்', அதாவது செல்வாக்கும் அந்தஸ்தும், பெரிய காரணம் என்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். உழைப்பே சம்பாத்தியத்தின் ஊற்று என்பது அவர் கருத்து. ஆனால் ஜாஹ் உள்ளவனுக்குப் பிறர் தங்கள் உழைப்பைத் தாமாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள், அவனுடைய தயவு தேவை என்பதால். ஜாஹ் இல்லாதவனுக்குத் தன் சொந்தக் கையால் உழைப்பது மட்டுமே மிஞ்சும் என்கிறார். ஆறு நூற்றாண்டுக்குப் பின் தில்லையடியில் அதைத்தான் கண்டேன்.

ஆக, ஒரே கோட்டில் நிறுத்தப்பட்டார்கள் என்று நான் தொடக்கத்தில் எழுதியதைத் திருத்திக்கொள்ளவேண்டும். வெளியேற்றம் கையில் இருந்ததைச் சமமாக்கியது. கைக்கு எட்டாததை அது தொடவில்லை. அதனால்தான் முதலில் முகாமை விட்டுப் போனவர்களும் கடைசியில் மிஞ்சியவர்களும் தற்செயலாகப் பிரியவில்லை. மிஞ்சியவர்களின் பெயரைப் பார்த்தால் 1990க்கு முன்பு சோனகதெருவில் யார் எந்த ஒழுங்கையில் இருந்தார்கள் என்று திரும்ப எழுதிவிடலாம்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய விதி என்று யாரும் நினைக்கவேண்டாம். அதே 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்குத் தமிழ் மக்கள் யுத்தத்தால் பெயர்ந்தார்கள். அவர்களுடைய காணி இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமானது. இருபத்தைந்து வருடம் கழிந்த பிறகும் மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களில் இருந்தவர்கள் யார்? களிங்க ரியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் 2009இல் பதிப்பித்த நூல் இதைப் பேசுகிறது. காணியுள்ள உயர்சாதிக் குடும்பங்கள் உறவினர் வீட்டுக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனபின், முகாம்களில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த காணியற்றவர்கள். ஷெல் விழும்போது சாதி பார்த்து விழவில்லை. முகாமிலிருந்து வெளியேறும் வாசல் மட்டும் சாதி பார்த்தது. கோணப்புலத்துக் குடும்பத்துக்கும் தில்லையடிக் குடும்பத்துக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தெரிந்தால் கதைப்பதற்கு நிறைய இருக்கும்.

இனி என்னுடைய ஊரின் பக்கம். 1990 நவம்பரில் புத்தளத்து ஆக்கள் செய்ததை நான் கண்ணால் கண்டவன். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. எங்கள் வீட்டு முற்றத்தில் உம்மாவும் மாமிமாரும் அண்டாவில் சோறு ஆக்கினார்கள். தென்னங்காணிக்காரர்கள் காணியைக் கொடுத்தார்கள், கிடுகு கொடுத்தார்கள். அன்சாரிகள் என்று எங்களை அவர்கள் அழைத்தார்கள். எங்களுக்கும் அது பிடித்திருந்தது.

ஐந்தாறு வருடத்தில் பேச்சு மாறியது. பாடசாலையில் வாங்கு போதவில்லை. கிணற்றில் தண்ணீர் போதவில்லை. தோட்டக்கூலி இறங்கிவிட்டது, ஏனென்றால் அகதிப் பெண்கள் குறைந்த கூலிக்கும் வரத் தயார். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பகுதி மாவட்ட ஒதுக்கீடு என்பதால், எங்கள் மாவட்டத்து இடத்தை வடக்குப் பிள்ளைகள் எடுக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது. அகதிக்கு நிவாரணம் வருகிறது, பக்கத்து வளவில் அதே பசியோடு இருக்கும் ஊரவனுக்கு ஒன்றும் இல்லை என்பது எல்லாவற்றிலும் பெரிய குறை.

பீற்றர் டவுன்சென்ட் 1979இல் பிரித்தானிய வறுமையைப் பற்றி எழுதியபோது, வறுமை என்பது வயிற்றுப்பசி மட்டுமல்ல, தான் வாழும் சமூகத்தில் வழமையாக எல்லாருக்கும் இருப்பது தனக்கு இல்லாமல் ஒதுங்கி நிற்பதும்தான் என்று வரையறுத்தார். ஆகவே நாம் யாரோடு நம்மை ஒப்பிடுகிறோம் என்பது முக்கியமாகிறது. புத்தளத்து ஏழை தன்னைக் கொழும்பு முதலாளியோடு ஒப்பிட்டிருந்தால் அவன் கோபம் வேறு திசையில் போயிருக்கும். அவன் பக்கத்துக் கிடுகுக் கொட்டிலோடு ஒப்பிட்டான். அகதியோ, தான் விட்டுவந்த கல்வீட்டோடு தன்னை ஒப்பிட்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒழுங்காகக் கொடுக்கவேண்டிய அரசாங்கத்தை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அப்போது பிறந்த ஒரு வசனம் இன்றும் செத்துவிடவில்லை: "முகாம் ஆக்கள் நிவாரணத்துக்குப் பழகிட்டாங்க, உழைக்க மாட்டாங்க." படித்தவர்களும் சொல்கிறார்கள். ஒஸ்கார் லூயிஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் 'வறுமைப் பண்பாடு' என்று ஒன்றைச் சொன்னார்: வறியவர்களின் வாழ்க்கைமுறை பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது என்று. அவர் சொன்னதைவிட அவர் பெயரால் மற்றவர்கள் சொன்னது மோசம். என் பதில் எளிது. விடியற்காலை நாலு மணிக்கு இடியப்பம் அவித்து விற்றுவிட்டு, ஏழு மணிக்குத் தோட்டத்து லொறியில் ஏறி, பின்னேரம் வந்து பிள்ளைக்குச் சமைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வாசலைத் தாண்டாமல் இருந்தவர்கள் அவர்கள். பலர் கட்டாருக்கும் குவைத்துக்கும் வீட்டுப்பணிக்குப் போனார்கள். அந்தக் காசில் தங்கச்சிக்குச் சீதனம் கொடுத்தார்கள், வீட்டுக்குக் கூரை போட்டார்கள். இவர்களைச் சோம்பேறி என்று சொல்ல ஒருவனுக்கு மிகுந்த ஓய்வு வேண்டும்.

பெண்களின் விஷயத்தில் ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். வேலைக்குப் போனதால் அவர்கள் கையில் காசு வந்தது, வீட்டில் குரல் வந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் முகாமில் மாப்பிள்ளை கேட்கிற சீதனம் குறையவில்லை. காணி இல்லாத இடத்தில் காணி கேட்டார்கள். பெண் உழைத்ததெல்லாம் அடுத்த பெண்ணின் கைக்கூலியாக வேறொரு வீட்டுக்குப் போனது. எங்கள் சமூகத்துக்குள் சமத்துவமின்மையை வளர்க்கிற இயந்திரங்களில் இதுவும் ஒன்று. இதற்கு எந்த ஆயுதக் குழுவையும் நாங்கள் குறை சொல்ல முடியாது.

2009இல் யுத்தம் முடிந்தது. திரும்பிப் போகலாம் என்றார்கள். அதற்குள் 'பழைய அகதி', 'புதிய அகதி' என்ற பிரிவு வந்துவிட்டது. 2008 ஏப்ரலுக்கு முன் பெயர்ந்தவர்கள் பழையவர்கள். வன்னியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கே முதலிடம். வன்னி மக்களின் நிலையைப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் வரிசையில் பின்னால் நின்றவர்களின் முறை ஒழுங்காக வரவேயில்லை.

உலக வங்கியில் பணிபுரிந்த சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, அணைக்கட்டு முதலியவற்றுக்காகப் பெயர்க்கப்பட்ட மக்களைப் பார்த்து எட்டு வகை ஆபத்துகளைச் சொன்னார். காணி, வேலை, வீடு இழப்பவை எல்லாருக்கும் தெரியும். பொதுச்சொத்தை இழப்பதும் சமூகப் பின்னல் அறுந்துபோவதும் கடைசியில் வருகின்றன. என் அனுபவத்தில் அவையே நெடுநாள் நிற்கின்றன. பெயர்ந்தவர்களை ஏழையாகாமல் காப்பாற்றுவது இந்த எட்டையும் திருப்பிக் கட்டுவதில் இருக்கிறது, வெறும் வீடு கட்டுவதில் இல்லை என்பது அவர் வாதம். யாழ்ப்பாணத்தில் வீடே ஒழுங்காகக் கட்டப்படவில்லை.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 1990இல் ஒரு வளவில் ஒரு குடும்பம் இருந்தது. நாலு பிள்ளைகள். இன்று அது நாலு குடும்பம், பத்துப் பன்னிரண்டு பேரப்பிள்ளைகள். காணி அதே ஒரு வளவு, அதுவும் சில பரப்பு. 2012இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். நல்ல திட்டம், ஆயிரக்கணக்கானவர்கள் பயன்பெற்றார்கள். ஆனால் இத்தகைய திட்டம் எதற்கும் காணி உரிமை வேண்டும், அந்த இடத்தில் வசிக்கவேண்டும், புள்ளி கிடைக்கவேண்டும். உறுதி 1990இலேயே பறிபோய்விட்டது. காணி இன்னும் மௌத்தாகிப்போன வாப்பாவின் பெயரில். நாலு பிள்ளைகளில் யாருக்குப் பங்கு? ஷரீஅத்தின்படி எல்லாருக்கும். அப்படியென்றால் வீடு யார் பெயரில்?

வசிப்பதைப் பற்றிய சுற்று இன்னும் மோசம். வீடு இல்லாததால் குடும்பத்தைப் புத்தளத்தில் விட்டுவிட்டு ஆண் மட்டும் வந்து பழைய இரும்பு வாங்கி விற்கிறான். குடும்பம் இங்கே இல்லாததால் இவர்கள் இங்கே வசிப்பவர்கள் அல்லர் என்று குறிப்பு எழுதப்படுகிறது. வசிக்காதவருக்கு வீடு இல்லை. வீடில்லாததால் குடும்பம் வராது. அங்கே புத்தளத்தில், நீங்கள்தான் யாழ்ப்பாணத்தில் பதிந்துவிட்டீர்களே என்கிறார்கள். சோனகதெருவில் ஒரு உம்மா சொன்னார்: "அங்கயும் நாங்க அகதி, இங்கயும் நாங்க வந்தான் வரத்தான்." தான் பிறந்த ஒழுங்கையில் நின்றுகொண்டு இதைச் சொன்னார்.

இன்னொரு பக்கம் ஆட்சியுரிமை. இலங்கைச் சட்டத்தில் பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி எதிருரிமையோடு அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். 1990இல் துரத்தப்பட்டவருக்குப் பத்து வருடம் 2000இல் முடிந்துவிட்டது; அப்போதும் அவர் அகதியாகவே இருந்தார். இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் காணிக்குப் போகமுடியாதிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போடச் சட்டத்தரணி வேண்டும், நில அளவையாளர் வேண்டும், தவணைக்குத் தவணை புத்தளத்திலிருந்து பஸ் காசு வேண்டும். கூலிக்குப் போகிறவனுக்கு ஒரு தவணை என்றால் இரண்டு நாள் கூலி போய்விடும். மாடிவீட்டுக்காரர் தம் காணியை மீட்டு நல்ல விலைக்கு விற்றுவிட்டார். பொம்மைவெளிக்காரருக்கு மீட்க எதுவும் இருக்கவில்லை; அவர் 1990க்கு முன்பே வாடகைக்கு இருந்தவர்.

இந்தக் கடைசி ஆள்தான் எல்லாத் திட்டத்திலும் காணாமற் போகிறவர். மீள்குடியேற்றம் என்றால் இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று நினைக்கிறோம். இழக்க ஒன்றும் இல்லாதவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் இழந்தது உண்டு: முதலாளியின் வேலை, ஒழுங்கையின் கடன், கந்தூரிச் சகன். அதற்கு உறுதி எழுதும் நொத்தாரிசு எவருமில்லை.

2023 யூலையில் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. வீடு, சொத்து, கல்வி, சுகாதாரம் என்று பல குறிகாட்டிகளைப் பார்த்துக் குடும்பங்களைப் பிரித்து, மிக வறியவருக்கு 15,000, வறியவருக்கு 8,500 என்று கொடுக்கத் தொடங்கினார்கள். வருமானத்தை மட்டும் கேட்பதைவிட இது முன்னேற்றம். ஆனால் குடும்பம் ஒன்று இரண்டு மாவட்டத்தில் பிரிந்து கிடக்கலாம் என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியாது.

அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அநீதி. எங்கள் கையில் இருக்கும் வழியையும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு ரமழானிலும் தில்லையடிக்கும் சோனகதெருவுக்கும் கொழும்பிலிருந்து வேன் வருகிறது. அரிசி, சீனி, பேரீச்சம்பழம், பால்மா. மக்கள் வரிசையில் நிற்கிறார்கள், படம் எடுக்கப்படுகிறது. அந்தப் பொதி இரண்டு வாரத்துக்குப் போதும். ஸக்காத் பெறத் தகுதியுள்ள எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் வழிப்போக்கரும் இருக்கிறார்கள் என்பதை நாம் ஓதுகிறோம். வழியில் முப்பது வருடமாக நிற்பவரை வழிப்போக்கர் என்று கணக்கெடுக்கலாமா, உறுதி முடிக்கும் செலவை இதிலிருந்து கொடுக்கலாமா என்பதற்கு உலமாக்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். ஸக்காத் இல்லாவிட்டால் ஸதக்கா இருக்கிறது. அஸீஸ் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியபோது இதே விஷயத்தைத்தான் யோசித்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது: இன்று சாப்பிட்டு முடிவதைக் கொடுக்காமல், யாராலும் பறிக்க முடியாததைக் கொடுப்பது. 1990 அவர் யோசனை சரியென்று காட்டியது. சான்றிதழ் வைத்திருந்தவன் பிழைத்தான்.

இதை ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் சொல்லிப் பார்த்தேன். பொதிக்குச் சேரும் காசில் ஒரு பகுதியை உறுதிப் பிரதி எடுக்கவும், காணி அளக்கவும், இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்கினால் என்ன? ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "மாஸ்டர், பொதி குடுத்தா ஆக்கள் காண்பாங்க, குடுத்தவருக்கும் சந்தோஷம். உறுதி முடிச்சுக் குடுத்தா அடுத்த வருஷம் ஆர் காசு தாறது?" அவர் சொன்னதில் உண்மை இருந்ததால் எல்லாரும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தோம். பிறகு ஒரு வயதானவர், தன் பங்குப் பொதிக் காசை இதற்கு எடுக்கச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

இந்த வருடம் இரண்டு குடும்பத்தின் உறுதிப் பிரதியைத் தேட ஒரு இளைஞனைக் காணிப்பதிவகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று கிடைத்துவிட்டது. மற்றதில் மூத்தப்பாவின் பெயர் உறுதியில் ஒருவிதமாகவும் மரணச் சான்றிதழில் இன்னொருவிதமாகவும் எழுதப்பட்டிருப்பதால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்கவேண்டியிருக்கிறது. அவரை நேரில் தெரிந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் அந்தத் தையல்காரக் காக்கா ஒருவர்தான். யாழ்ப்பாணம் வர அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடதாசியைப் புத்தளத்திலேயே முடிக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.